பெயர் தேடப் போன இடத்தில் ஒரு பேய்

ஹப்சிகுடா என்று சொன்னால் ஊரில் ஒருத்தருக்கும் வாயில் நுழைவதில்லை. "அப்சி கூடையா? என்னடா பேரு அது?" என்று அம்மா இன்னமும் போனில் கேட்கிறார். ஹப்ஷி என்றால் அபிசீனியாக்காரர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியிருந்தவர்களால் ஏற்பட்ட பெயர் என்பார்கள். நகரத்தின் இன்னொரு பக்கம் ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பேட்டை உண்டு. வந்த புதிதில் அது ஏதோ ஏர்கண்டிஷனர் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்). ஆப்பிரிக்கன் காவல்ரி கார்ட்ஸ், அதாவது நிஜாமின் குதிரைப்படை. பக்கத்திலேயே மாசாப் டேங்க். 'மா சாஹிபா' என்று மக்கள் அழைத்த ஹயாத் பக்ஷி பேகத்தின் பெயர் தேய்ந்து தேய்ந்து மாசாப் ஆகிவிட்டது. ஆனால் பாருங்கள், பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். நாம் பெயரைத் தட்டுகிறோம், அது எண்ணைத் தேடிக்கொண்டு போகிறது. நடுவில் நின்று இந்தத் தேடுதலைச் செய்கிற நிரல்துண்டு ஒன்றில் 12 வருஷத்துக்கு மேல் ஒரு தப்பு இருந்ததும், அதைத் திருத்திய பிறகும் அது பலருடைய மெஷின்களில் தொடர்ந்து உயிரோடு இருந்ததும்தான் இன்றைய கதை. நான் பி.காம் படித்தவன், நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இந்தக் கதை எங்கள் தொழிலிலும் நடக்கிற கதை. நானே ஒரு முறை நடத்தியிருக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய சங்கதி. ஆர்பாநெட் காலத்தில் எல்லா மெஷின்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அதை இறக்கி வைத்துக்கொள்வார்கள். நம்மூர் வி.ஏ.ஓ. கையில் இருக்கும் சிட்டா மாதிரி. மெஷின்கள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்ற முறையை வகுத்தார். ஒரே பேரேட்டுக்குப் பதிலாக, அவரவர் பகுதியை அவரவரே வைத்துக்கொண்டு, கேட்டால் பதில் சொல்லும் ஏற்பாடு. அதே 1983ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில், பெயர் கொடுத்தால் முகவரி தரும் ஒரு செயற்கூறு வந்தது. அதன் பெயர் கெட்ஹோஸ்ட்பைநேம். அதே பெயரில் லினக்ஸுக்கும் வந்து சேர்ந்தது. லினக்ஸில் அது குடியிருக்கும் வீடு ஜி-லிப்-சி என்ற நூலகம். மெயில் சர்வர், பிரவுசர், ஏறக்குறைய எல்லா நிரலும் பெயர் தேட இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

2000 நவம்பரில் ஜி-லிப்-சியின் 2.2 பதிப்பு வெளிவந்தது. நான் அப்போது கும்பகோணத்தில் மூன்றாம் வருஷம், காஸ்ட் அக்கவுண்டிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிப்பில் ஒரு குறுக்குவழி இருந்தது. கேட்கிறவர் பெயருக்குப் பதில் எண்ணையே நீட்டிவிட்டால் யாரையும் போய்க் கேட்க வேண்டாம், அப்படியே வடிவம் மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாம். நியாயம்தானே? கவுண்டரில் கணக்கு எண்ணையே சொல்லிவிட்டால் பெயர்ப் பதிவேட்டைப் புரட்ட மாட்டோம் அல்லவா. விடையை எழுதி வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று அந்தக் குறுக்குவழி முதலில் கூட்டிப் பார்க்கும். நான்கு இனங்களைக் கூட்ட வேண்டிய இடத்தில் மூன்றைத்தான் கூட்டியிருந்தார்கள். விட்டுப்போனது 32 பிட் மெஷினில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். எழுதும்போது மட்டும் நான்கையும் எழுதிவிடும். ஒரு காலத்தைக் கூட்டாமல் விட்ட பேரேடு! வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்தில் எண்ணும் புள்ளியுமாக ஒரு 'பெயரை' அனுப்பினால், அந்தச் சில பைட்டுகள் பக்கத்து இடத்தில் போய் விழும்.

சில பைட்டில் என்ன ஆகிவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அதற்குப் பதில் பின்னால் வந்தது.

2013 மே 21ஆம் தேதி இந்தக் கூட்டல் பிழையைத் திருத்திவிட்டார்கள். சரியான திருத்தம். அடுத்து வந்த 2.18 பதிப்பில் பிழை இல்லை. ஆனால் இது பாதுகாப்புச் சமாச்சாரம் என்று அப்போது யாரும் அடையாளம் காணவில்லை. சாதாரண பிழைகளோடு ஒன்றாகப் போய்விட்டது. வினையே அங்கேதான். டெபியன், ரெட் ஹேட், உபுண்டு போன்றவற்றில் 'நீண்டகால ஆதரவு' பதிப்புகள் என்று உண்டு. சர்வர் வைத்திருப்பவர்கள் இவற்றைத்தான் விரும்புவார்கள். இவற்றில் உள்ளதை லேசில் மாற்ற மாட்டார்கள். பாதுகாப்பு என்று முத்திரை குத்திய திருத்தங்களைத்தான் முக்கியமாகப் பழைய பதிப்புக்குக் கொண்டுவருவார்கள். முத்திரை இல்லாததால் இந்தத் திருத்தம் வெளியே நின்றுவிட்டது. டெபியன் 7, ரெட் ஹேட் 6, 7, உபுண்டு 12.04 எல்லாவற்றிலும் பழைய பிழை அப்படியே.

இப்போது என் கதை. 2008ல் வேறு ஊரில் ஒரு கிளையில் இருந்தேன். பயிர்க்கடனுக்கான வட்டி மானியத்தைக் கணக்குப் போட மேலிடத்திலிருந்து எல்லாக் கிளைக்கும் ஒரே எக்ஸெல் தாள் வந்திருந்தது. அதில் பிப்ரவரிக்கு 28 நாள் என்று கையாலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2008 லீப் வருஷம். மார்ச் முடிவில் ஆணி தலைக்கு மேல். பார்த்தேன், 29 என்று மாற்றினேன், அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு வருஷம் கழித்து ஆடிட்டர் வந்தார். "உங்க கிளைக்கு மட்டும் ஏன் சார் ஒரு நாள் கூடுதலா இருக்கு?" என்றார். பெருமையாகக் காலண்டரை எடுத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மத்த கிளை எல்லாம் ஒரு நாள் குறைச்சுக் கேட்டிருக்கு. தெரிஞ்சும் ஏன் சார் யாருக்கும் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கிளைகளில் எல்லாம் திருத்தப்பட்டியல் போட்டு மறுபடி அனுப்பினார்கள். அதில் ஒரு மேலாளர் அடுத்த மாசம் ஓய்வு பெற இருந்தவர். ஒரு வாரம் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

2015 ஜனவரி 27 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்த ஜி-லிப்-சி பிழையை வெளியிட்டது. கெட்ஹோஸ்ட் என்பதைச் சுருக்கி கோஸ்ட், அதாவது பேய் என்று பெயரும் வைத்தார்கள். நான்கு பைட்டில் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இதோ: எக்ஸிம் என்ற மெயில் சர்வருக்கு ஒரு விசேஷமான மின்னஞ்சலை அனுப்பி அந்த மெஷினையே கைப்பற்ற முடிந்ததைச் சோதனையில் செய்து காட்டினார்கள்.

அக்கா பையன் அப்போது உஸ்மானியாவில் எம்.டெக் படித்துக்கொண்டு எங்களோடு இருந்தான். அன்றைக்கு ராத்திரி குவாலிஸ் கொடுத்த சின்னச் சோதனை நிரலை என் டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, உங்க மெஷின்ல பேய் இருக்கு" என்றான். 'வல்னரபிள்' என்று ஒற்றைச் சொல் திரையில் நின்றது. என்னுடையது உபுண்டு 12.04. பழசுதான் நம்பகம் என்று வங்கிக்காரப் புத்தியோடு வைத்திருந்தது. அவனுடைய லேப்டாப்பில் 14.04, புதுசு. அதில் பேய் இல்லை. அதை அவன் சொன்ன விதம் இருக்கிறதே... தங்கமணி வேறு சேர்ந்துகொண்டு சிரித்தாள்.

அப்டேட் போட்டேன். அதோடு முடியவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பழைய நூலகத்தை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புதியது வேலைக்கு வரும். சுற்றறிக்கை வந்துவிட்டது, ஆனால் கவுண்டரில் பழைய படிவமே ஓடுகிறது என்பது போல. ரீபூட் செய்துவிட்டுத்தான் படுக்கப் போனோம்.

அடுத்த வருஷமே இன்னொன்று. இதுவும் ஜி-லிப்-சிதான், ஆனால் கெட்ஆடர்இன்ஃபோ என்ற புதிய தலைமுறைச் செயற்கூறு. டி.என்.எஸ். பதிலுக்கு 2048 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பதில் அதைவிடப் பெரிதாக வந்தால் சில சமயம் கரை உடைந்துவிடும். 2008ல் வந்த 2.9 பதிப்பிலிருந்து இருந்த பிழை. கூகுளில் ஒரு பொறியாளர் குறிப்பிட்ட ஒரு மெஷினோடு இணைக்கும்போதெல்லாம் அவருடைய எஸ்.எஸ்.எச். விழுந்துகொண்டே இருக்க, துருவிப் பார்த்ததில் அகப்பட்டது. பார்த்தால், 2015 ஜூலையிலேயே இது பற்றி ஜி-லிப்-சி பராமரிப்பாளர்களிடம் புகார் பதிவாகியிருந்தது. ரெட் ஹேட்டில் ஃப்ளோரியன் வைமர், கார்லோஸ் ஓ'டானல் இருவரும் தனியே அதே பிழையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு, 2016 பிப்ரவரி 16 அன்று திருத்தத்தையும் விவரத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். என் டெஸ்க்டாப்புக்கும் இம்முறை உடனே வந்து சேர்ந்தது.

மாசாப் டேங்க் பற்றிச் சொன்னேன் அல்லவா. 1996ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய ஐ.டி.ஆர்.பி.டி. அங்கேதான் இருக்கிறது. வங்கிகளெல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னபோது, அந்தப் பெயர்களைப் பதிவு செய்து தரும் பொறுப்பு இந்த நிறுவனத்திடம் வந்தது. போலி வங்கித் தளங்களைக் கண்டுபிடிக்க மக்களுக்கு ஒரு வழி.

எங்கள் முகவரியும் மாறியது. அந்த வாரம் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். "மேனேஜர் காரு, இது உங்க தளம்தானா, இல்ல திருட்டுத் தளமா? நேத்து வரைக்கும் வேற பேரு இருந்துச்சே" என்று தெலுங்கில் கேட்டார். அன்றைக்கு மத்தியானமே புது முகவரியைத் தெலுங்கு, உருது, ஆங்கிலம் மூன்றிலும் பெரிதாக அச்சடித்து கவுண்டரில் ஒட்டினோம். கீழே, ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி. பக்கத்துக் கிளைகளுக்கும் அதே தாளை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் போன் போட்டும் கேட்டேன்.