ஏரியும் சுமந்தவர்களும்

மதுரையிலிருந்து கொடைக்கானல் போகிறவர்கள், ரயிலானாலும் பஸ்ஸானாலும், பெரும்பாலும் சமயநல்லூரைக் கடந்துதான் போகிறார்கள். சமவெளியின் வெயிலிலிருந்து அவர்கள் தேடிப் போகும் அந்த ஏரி, இயற்கை என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கவிதைகளிலும் அப்படியே வருகிறது. ஆனால் அது கட்டப்பட்ட ஒன்று. மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல், சதுப்பான பள்ளத்தாக்கில் ஓடிய ஓடையைக் கரையிட்டு மறித்துச் சொந்தச் செலவில் உண்டாக்கியது. கரையோர யூகலிப்டஸும் வெளியிலிருந்து வந்த மரம்தான்.

அவருக்கு முன்பே அங்கு ஆட்கள் போயிருந்தார்கள். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி நில அளவைக்காக மலையேறினார். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவரைப் பலிகொடுத்தபின் குளிர்ந்த இடம் தேடினர். முதலில் முயன்றது வாடிப்பட்டிப் பக்கம் தெரிகிற சிறுமலையை. அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஓய்விடம் என்பது அன்று ஆடம்பரமல்ல, உயிர்பிழைக்கும் வழி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அதே காலராவில் மாண்ட சமவெளிக்காரனுக்கு மலை கிடையாது.

இந்த ஏரியைச் சுற்றி மதில் இருந்ததில்லை. மலையே மதிலாக இருந்தது. 1875-ல் ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து கூலியாட்கள் சுமக்கும் நாற்காலியிலோ டோலியிலோ மலையேறுவார்கள். மேலே போனவர்கள் நினைவுக் குறிப்புகள் எழுதி வைத்தார்கள். சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கும் முன்பிருந்தே மலையில் வாழ்ந்த பளியர், விவசாயம் செய்த குன்னுவர் ஆகியோரின் பள்ளத்தாக்கு அது என்ற செய்தி, ஏரியின் வரலாற்றில் முன்னுரைக்கு முந்திய வெற்றுப் பக்கமாக நிற்கிறது.

1890-ல் படகுச் சங்கம் ஏற்பட்டது. உறுப்பினருக்கே படகு. மதுரையில் பணியாற்றிய வன அதிகாரி பிரையண்டின் பெயரால் ஏரியையொட்டிய பூங்கா 1908-ல் உருவாயிற்று. 1914-ல் மலைப்பாதை வண்டிகளுக்குத் திறந்தது. 1932-ல்தான் வெளியாட்களும் தாற்காலிக உறுப்பினராகிப் படகேற முடிந்தது. தனியிடம் பொதுவிடமானதை ஒருவரின் கொடையாகச் சொல்வது நம் வழக்கம். இங்கே அதைச் செய்தது சாலை. மதில் இடிந்தது, பிறகு கதவில் ஒரு சீட்டு தொங்கியது.

'பொது' என்ற சொல்லை நாம் எளிதில் கையாளுகிறோம். லாபம் தனியாருடையதாயிருந்து, மிச்சம் மட்டும் பொதுவாகிவிடுவதும் உண்டு. 2001-ல் மூடப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலைக்குப்பின், பாதரசம் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் இருப்பதை ஆய்வுகள் காட்டின. இதற்குச் சீட்டு தேவைப்படவில்லை.

2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மலை தாங்காது என்பது உண்மை, அனுமதி தேவைதான். ஆயினும் மறுபடி ஒரு வாசல் எழும்போது, முதல் வாசலில் நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு வெளியே நின்றவர்கள் நினைவுக்கு வரவேண்டும். ஏரியைப் பற்றி எழுதுகிறவன் பனிமூட்டத்தை எழுதட்டும். அதனடியில் ஒரு கரை இருக்கிறது. அதற்கு மண் சுமந்தவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்து எழுதினால், அவன் எழுதுவது ஏரியை அல்ல, படகுச் சங்கத்தின் ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியை.