கால்நடையும் காசும்

ஜெர்மனியின் குடியானவர் தம் தொழுவத்து ஆடுமாடுகளை இன்று 'ஃபீ' என்கின்றனர். அச்சொல்லின் மூதாதையான 'ஃபெஹு', நம் நாவில் அன்றாடம் புழங்கும் வடசொல்லாகிய பசுவுக்கு உடன்பிறப்பு என்றால் முதலில் நம்பத் தோன்றாது. ஆனால் ஆதியில் இருந்த பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாகத் திரியும் என்று 1822-இல் யாக்கோப் கிரிம் வகுத்த விதியின்படி, பிதாவின் இனச்சொல் ஆங்கிலத்தில் 'ஃபாதர்' என நிற்பது போன்றதே இதுவும். லத்தீனிலோ அவ்வேர் 'பெக்கு' என மந்தையையும், 'பெக்கூனியா' எனப் பணத்தையும் குறித்தது.

கி.பி. 98-இல் ஜெர்மானியரைப் பற்றி நூல் இயற்றிய ரோமானியராகிய டாசிட்டஸ், அவர்களுடைய கால்நடைகள் உருவிற் சிறியவை, கொம்பழகும் இல்லாதவை, ஆயினும் அவற்றின் எண்ணிக்கையிலேயே அம்மக்கள் மகிழ்ந்தனர் என்றும், கொலைக்குற்றமும்கூட இத்தனை உருப்படி என்று ஈடுகட்டித் தீர்க்கப்பட்டது என்றும் எழுதிவைத்தார். ஆகவே மந்தையே மூலப்பொருள், பணம் அதினின்று கிளைத்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டதில் வியப்பில்லை.

நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா கோத்து என்னும் பழைய ஜெர்மானிய மொழியில் ஆக்கிய பைபிளின் பிரதியொன்று, ஊதாத் தோலேடுகளில் வெள்ளி எழுத்துக்களோடு ஸ்வீடனின் உப்சாலா நகரில் இன்றும் உள்ளது. யூதாஸுக்குத் தருவதாகப் பிரதான ஆசாரியர்கள் வாக்களித்த பணம் அதில் 'ஃபெஹு'. கால்நடை என்ற பொருளில் அச்சொல் கோத்து மொழியில் கிடைப்பதே இல்லை. இதையும் ஒரு சான்றாகக் கொண்டு, பெயர்த்துக் கொண்டுசெல்லத்தக்க உடைமை என்பதே இச்சொல்லின் ஆதிப்பொருள் என்று பிரெஞ்சு அறிஞர் எமீல் பென்வெனிஸ்ட் 1969-இல் வாதித்தார். கூரிய வாதந்தான்; எனினும் என் மனம் முழுதும் ஒப்பவில்லை. குறளில் கல்வி அதிகாரம் ஒன்றே நமக்கு எஞ்சியிருக்குமாயின், அங்கே வள்ளுவர் 'மாடு' என்பதைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டிருப்பது கண்டு, தமிழில் அச்சொல் விலங்கைக் குறித்ததே இல்லை என்றன்றோ தீர்ப்புச் சொல்லியிருப்போம்!

ஐரோப்பாவின் வடபுலத்தில் அச்சொல் 'ஃபே' என வழங்கியது; கூட்டு முதலாகத் தன் 'ஃபே'யை இட்டவன் 'ஃபேலகி', அதாவது பங்காளி. அவனே ஆங்கிலத்தில் 'ஃபெல்லோ' ஆனான். ஐஸ்லாந்திலோ அப்பழஞ்சொல் இன்றளவும் இருபொருளையும் ஒருங்கே சுமக்கிறது. கோடை முழுதும் மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் ஓட்டிவந்து, வட்டப்பட்டியின் நடுவே அடைத்து, காதில் அறுத்த அடையாளம் பார்த்து, இது இன்னாருடையது என்று அவரவர் தடுப்புக்குள் இழுத்துவிடுகையில் அம்மக்கள் சொல்லும் சொல்லும், வங்கிக் கணக்கின் பணத்துக்கு அவர்கள் எழுதும் சொல்லும் ஒன்றே.