கோர்ட் படியேறிய புத்தகம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சாப்பல் ஹில் ஊரில், பல்கலைக்கழக வளாகத்தையும் பிராங்க்ளின் தெருவையும் பிரிப்பது உயரம் குறைந்த ஒரு கல்மதில்தான். 1966 மார்ச்சில் அந்த மதிலுக்கு வெளியே, தெருவோர நடைபாதையில் நின்று பேசினார் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தேக்கர். மதிலுக்கு உள்ளே, புல்தரையில் உட்கார்ந்து மாணவர்கள் கேட்டார்கள். ஆப்தேக்கர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கம்யூனிஸ்டுகள் யாரும் அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பேசக் கூடாது என்று 1963இல் மாநில சட்டமன்றம் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டிருந்தது. நடைபாதை அந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே இருந்தது. மாணவர் தலைவர் பால் டிக்சனும் அவருடைய தோழர்களும் வழக்குப் போட்டார்கள். 1968இல் கிரீன்ஸ்பரோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், தெளிவில்லாத அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

34 ஆண்டுகள் கழித்து அதே கிரீன்ஸ்பரோவுக்கு இன்னொரு வழக்கு போனது. இந்த முறை தடுக்கச் சொன்னது ஒரு பேச்சாளரை அல்ல; ஒரு புத்தகத்தைப் பற்றி மாணவர்கள் கூடிப் பேசுவதை.

1795இல் மாணவர்களுக்குக் கதவைத் திறந்த சாப்பல் ஹில், அமெரிக்காவிலேயே முதலில் வகுப்பு தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் கறுப்பின இளைஞர்கள் இளநிலை வகுப்பில் சேர 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, மூன்றே பேர். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் 1999இல் அங்கே தொடங்கிய கோடை வாசிப்புத் திட்டத்தின் அருமை புரியும். முதலாண்டு சேரப்போகும் மாணவர்கள் எல்லோரும் விடுமுறையில் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வருவார்கள். வகுப்புகள் தொடங்குமுன் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். மதிப்பெண் கிடையாது. குழுவை நடத்தும் ஆசிரியர் அந்தத் துறையில் புலமை பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கணித ஆசிரியர்கூட நாவலைப் பற்றிப் பேச வைக்கலாம். முதல் ஆண்டுக்கு அலெக்ஸ் கோட்லோவிட்ஸ் எழுதிய, சிகாகோவின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளரும் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைப் பற்றிய நூலைத் தேர்ந்தெடுத்தார்கள். லாவோசிலிருந்து கலிபோர்னியாவுக்கு அகதிகளாக வந்த மோங் குடும்பம் ஒன்றுக்கும், அவர்களுடைய வலிப்புநோய் வந்த குழந்தைக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும் நடுவே நேர்ந்த தவறான புரிதல்களைச் சொல்லும் ஆன் ஃபாடிமனின் நூலும் பின்னர் வந்தது. அதுவரை வெளியில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002ஆம் ஆண்டுக்கான புத்தகமாகத் தேர்வுக் குழு எடுத்தது மைக்கேல் செல்ஸ் மொழிபெயர்த்து விளக்கம் எழுதிய குர்ஆன் நூலை. முழுக் குர்ஆன் அல்ல. தொடக்க கால வெளிப்பாடுகளான 35 சூராக்கள் (அத்தியாயங்கள்) மட்டும். நம்மூர் மதரசாக்களில் பிள்ளைகள் முதலில் மனனம் செய்யும் சின்னச் சின்ன சூராக்கள்தான் இதில் பெரும்பகுதி. நூலோடு ஒரு குறுந்தகடும் உண்டு. ஓதுவோரின் குரலில் சூராக்களை அதில் கேட்கலாம். அரபியின் ஓசையும் இழுப்பும் நிறுத்தமும் பொருளோடு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று செல்ஸ் பொறுமையாக விளக்குகிறார். வேதத்தைக் கண்ணால் மட்டும் படித்துப் பழகிய ஒரு கிறிஸ்தவ மாணவர், அதைக் காதால் வாங்கும் ஒரு மரபை முதன்முறையாக அங்கே சந்தித்திருப்பார். அந்த ஒன்றுக்காகவே இந்தத் தேர்வு சரியானது என்று சொல்லலாம்.

எதிர்ப்பு கிளம்பியது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மதத்தைப் பரப்புகிறது, இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று குடும்பக் கொள்கை வலையமைப்பு என்ற கிறிஸ்தவ அமைப்பும், பெயர் வெளியிடாத மாணவர்கள் சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். மாநில சட்டமன்றத்தின் கீழவை, எல்லா மதங்களுக்கும் சம இடம் தராமல் இதற்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று வாக்களித்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் மோசர் பின்வாங்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் ஒரு வழியைத் திறந்துவிட்டது: படிக்க மனமில்லாதவர், ஏன் படிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தால் போதும். மறுப்பவரையும் யோசித்து எழுத வைத்த அந்த ஏற்பாடு, பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம்.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமான ஒன்றும் இருந்தது. போர், சட்டம், பிற மதத்தாருடன் உறவு ஆகியவற்றைப் பேசும் பிற்கால மதீனா சூராக்களை விட்டுவிட்டு, கவித்துவமான மக்கா சூராக்களை மட்டும் கொடுத்தால் அது முழுச் சித்திரம் ஆகுமா? நல்ல கேள்விதான். அதைக் கேட்பதற்கான இடம் அந்த இரண்டு மணி நேரக் கூட்டம். அதையே நடக்கவிடாமல் செய்வதில் என்ன பயன்?

ஆகஸ்ட் 15இல் கிரீன்ஸ்பரோ நீதிபதி கார்ல்டன் டில்லி தடை விதிக்க மறுத்தார். 19ஆம் தேதி ரிச்மண்டிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. அன்றைக்கே குழுக்கள் கூடின. வழக்கு இழுத்துக்கொண்டே போய் 2004இல் தள்ளுபடி ஆனது.

2003இல் குறைந்த கூலி வேலைகளைத் தானே செய்து பார்த்து பார்பரா எரன்ரைக் எழுதிய நூலுக்கும் எதிர்ப்பு வந்தது; பழமைவாதிகள் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார்கள். 2005இன் தேர்வு இன்னும் துணிச்சலானது. சாப்பல் ஹில்லிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1970இல் ஹென்றி மாரோ என்ற கறுப்பின இளைஞர் பொது இடத்தில் கொல்லப்பட்டார். ராணுவத்தில் பணியாற்றியவர். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அப்போது அந்த ஊரில் பத்து வயதுச் சிறுவனாக இருந்த, பாதிரியார் வீட்டுப் பிள்ளை திமோதி டைசன் பின்னாளில் வரலாற்றாசிரியராகி எழுதியதுதான் அந்த நூல். படித்தவர்களில் பலர் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். தங்கள் தாத்தா காலத்துக் கதை அது. வீட்டில் யாரும் சொல்லாத கதையாகவும் இருந்திருக்கும். பண்பாட்டுப் பன்மை என்றால் தூரதேசத்து மனிதர்களைத் தெரிந்துகொள்வது மட்டுமே என்று நினைத்தவர்களை அந்தப் புத்தகம் சொந்த ஊருக்கே திருப்பியது. அடுத்த ஆண்டு ஜும்பா லாஹிரியின் வங்காளிக் குடும்ப நாவல் வந்தது.

சர்ச்சை மட்டும் ஓயவில்லை; சாப்பல் ஹில்லுக்கு வெளியேயும் எழுந்தது. 2013இல் தேசிய மனிதப் பண்பியல் அறக்கட்டளையும் அமெரிக்க நூலகச் சங்கமும் சேர்ந்து, இஸ்லாமியப் பண்பாடுகள் குறித்த 25 நூல்களையும் 3 திரைப்படங்களையும் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான நூலகங்களுக்குக் கொடுத்தன. வாசகர்களைக் கூட்டி விவாதம் நடத்தவும் உதவின. வட கரோலினாவின் நியூ பெர்ன் நகரிலுள்ள க்ரேவன் சமுதாயக் கல்லூரிக்கும் அந்தத் தொகுப்பு கிடைத்தது. அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வால்ட்டர் ஜோன்ஸ் ஆட்சேபித்தார்: மக்கள் வரிப்பணத்தில் ஒரு மதத்துக்கு மட்டும் ஏன் அலமாரி?

அவர் ஆட்சேபித்த அந்த அலமாரியில் அமிதவ் கோஷின் ஒரு நூலும் இருந்தது. கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் கிடைத்த கடிதங்களை வைத்து, 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் குடியேறி மிளகு வணிகம் செய்த ஆபிரகாம் பென் யீஜூ என்ற யூதரையும், துளு நாட்டுக்காரர் என்று கோஷ் கருதும் அவருடைய அடிமை பொம்மாவையும் தேடிப் போகும் நூல் அது. பென் யீஜூ மணந்த அஷூ ஒரு இந்தியப் பெண். இவர்களைப் பற்றித் தேடியபடியே எகிப்தியக் கிராமங்களில் முஸ்லிம் உழவர்களோடு தங்கியிருந்த தன் அனுபவத்தையும் கோஷ் அதில் எழுதியிருக்கிறார்.