வேலிக்காத்தானும் நம் தாய்மாரும்

செஞ்சிக் கோட்டையைக் கட்டியோர், பிடித்தோர் பெயர்களையெல்லாம் வரலாற்று நூல்கள் மறவாது உரைக்கின்றன. அதற்கு அணித்தேயுள்ள வல்லம் வட்டாரத்தில், நிலமற்ற நம் தாய்மார் எதை எரித்து உலை வைத்தனர் என்பதை அவை உரைப்பதில்லை.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி விறகெடுப்பதைக் குற்றமாக்கிற்று. ஊரையடுத்த மரங்களோ பட்டாதாரர்க்கு உரியவை. வரப்பில் உதிர்ந்த பனைமட்டைக்கும் ஒரு சொல் கேட்டாக வேண்டும். அச்சொல்லுக்கு ஈடாகக் கூலியின்றிக் களம் பெருக்கியதும் உண்டு.

இந்நிலையில் துணைக்கு வந்தது ஓர் அயல்மரம். அமெரிக்கக் கண்டத்துக்குரிய சீமைக் கருவேலம், அதாவது நம் வேலிக்காத்தான், 1877 அளவில் இந்நாட்டில் புகுந்தது. ஆடுமாடுகள் அதன் காயைத் தின்று விதையைப் பரப்பின. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் தானே முளைத்தது. வெட்ட வெட்டத் துளிர்த்தது. ‘எம்முடையது’ என்று மறிப்பார் அதற்கு அரிது. கிழித்த முள்ளுக்குக் கணக்கில்லை. ஆயினும் ஏச்சுக் கேளாமல் கிடைத்த விறகு அதுவே.

அரிவாளும் சும்மாடுமாகத் தாய் புறப்பட்டால் மூத்த மகளும் உடன் போவாள். அன்று பள்ளிப் பதிவேட்டில் அவள் ‘வரவில்லை’. பெண்மக்கள் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றனர் என ஆராய்வோர் அடுப்படியையும் எட்டிப் பார்த்தல் நன்று.

1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம், தமிழகத்து ஏரிகளில் கருவேலம் நட்டது. முற்றிய மரங்கள் ஏலத்துக்குப் போயின. சுள்ளி பொறுக்கியோர்க்குச் சுள்ளியே எஞ்சிற்று.

2006க்குப் பின் மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் நடுவணரசின் உஜ்வலா இணைப்பும் வந்தன. உருளை வாங்கப் பணமில்லாத மாதங்களில், மூலையிலிருக்கும் சும்மாட்டுத் துணி மீண்டும் தலைக்கு ஏறுகிறது.