கணினி விளையாட்டில் யார் யாரைக் காதலிக்கலாம்?

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகள் பலவற்றில், கதையில் கூட வருபவர்களை ஆடுபவர் காதலிக்கலாம். யாரைக் காதலிக்கலாம் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. 2011இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ் 2’இல் நான்கு தோழர்கள், ஆடுபவர் ஆணானாலும் பெண்ணானாலும் காதலை ஏற்பார்கள். 2014இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குயிசிஷன்’ அப்படியல்ல. அதில் டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புபவன்; சேரா பெண்களை மட்டுமே விரும்புபவள். மற்றவர்களுக்குச் சம்மதிக்கமாட்டார்கள்.

எனக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. மறுக்கத் தெரிந்த பாத்திரம்தான் மனிதராகத் தெரிகிறது. டோரியனின் இயல்பை இரத்த மந்திரத்தால் மாற்றத் தந்தை முயன்றதை அறிந்தே அவன் வீட்டைவிட்டுப் போகிறான். மந்திரம் இல்லாவிட்டாலும், ‘கலியாணம் கட்டிவைத்தால் சரியாகிவிடும்’ என்று நம்பும் வீடுகள் எங்கள் மாத்தளையிலும் உண்டு.

இந்த விளையாட்டு வெளியானபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. உள்ளூர்ச் சட்டங்களை மீறாதிருக்கவே நிறுத்தியதாக வெளியீட்டு நிறுவனமான ஈ.ஏ. அறிவித்தது. வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அதைக் குற்றமாக்குகின்றன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என 2023இல் உயர் நீதிமன்றம் கூறியும், அது நிறைவேறவில்லை.

போர்க்காலத்திலிருந்து பொலிஸ் என்றாலே அஞ்சிப் பழகியவர்கள் நாங்கள். வீட்டிலும் சொல்ல முடியாத எங்கள் பிள்ளைக்கு அந்த அச்சம் இரட்டிப்பாகிறது.