ஏரியை மூடிய நகரும் சதுப்பில் கொட்டிய குப்பையும்



படித்து முடித்த கையோடு திருவண்ணாமலையில் பஸ் ஏறிச் சென்னைக்கு வேலை தேடிப் போனவர்கள் நம்மில் ஏராளம். தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு 'லேக் வியூ ரோடு' தெரிந்திருக்கும். அங்கே லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, அதாவது ஏரிக்கரைச் சாலை. ஏரி எங்கே போச்சு? சிவில் படித்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்ததைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மதராஸில் வீட்டுப் பஞ்சம். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-லிருந்து ஏரியை வடித்து, மண்ணிட்டு மேடாக்கி, மனை பிரித்தார்கள். ஆட்சியிலிருந்தது நீதிக்கட்சி. ஆகவே புதிய நகருக்குத் தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், சாலைகளுக்கு டாக்டர் நாயர், உஸ்மான் என்று வரிசையாக அவர்கள் பெயர்களே அமைந்தன. நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலமான சாலைகள், தனித்தனி மனைகள். 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலும் ஓட ஆரம்பித்ததும் மாம்பலம் நிஜமான புறநகர் ஆகிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது நல்ல வடிவமைப்புதான். அதில் எனக்குக் குறை சொல்ல மனமில்லை.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடஸ், நகரமைப்புத் துறையின் முன்னோடி, 1914-ல் இந்தியாவுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த நகரக் கண்காட்சிப் படங்கள், வரைபடங்கள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' கப்பலோடு கடலில் மூழ்கின. மூழ்கடித்தது யார் தெரியுமா? மதராஸ் மீது குண்டு வீசிய அதே எம்டன்! (நம்ம ஊரில் அப்பாக்களை 'எம்டன்' என்று சொல்கிறோமே, அந்த எம்டன்தான்.) மனிதர் அசரவில்லை. மாற்றுப் படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் மதராஸில் கண்காட்சி நடத்தினார், மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றி அறிக்கைகளும் எழுதினார். குளங்களை மூடாதீர்கள், சுத்தம் செய்யுங்கள், அவை ஊரின் வெப்பத்தைத் தணிக்கும், கொசுவுக்கு மீனும் வாத்தும் விடுங்கள் என்பது அவர் கட்சி. சில ஆண்டுகளிலேயே ஏரி மனையானது.

இதே கெடஸ் 1917-18-ல் இந்தூரில் செய்த காரியம் இன்னும் சுவையானது. பிளேக் வந்த ஊர் அது. தெருவெல்லாம் குப்பை. அபராதம் போடச் சொல்லவில்லை அவர். தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் ஏற்பாடு செய்து, எந்தத் தெரு அதிகச் சுத்தமோ அந்த வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்று அறிவித்துவிட்டார். ஊரே விளக்குமாறும் கையுமாக இறங்கிவிட்டது. ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்து, மாலை அணிந்து, மெருகேற்றிய குப்பை வண்டிகளோடு வந்தார்கள். பிறகு அதே இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் கழிவுகளை எருவாக்கும் முறையை வகுத்தார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்றே அழைக்கிறது. 2017-லிருந்து தூய்மைக் கணக்கெடுப்பில் அந்த ஊர் தொடர்ந்து முதலிடம் பிடித்தது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நம் பக்கம் கதை வேறு. மனைக்கும் சாலைக்கும் பூங்காவுக்கும் வரைபடம் போட்ட நாம், குப்பைக்கு மட்டும் 'ஊருக்கு வெளியே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். சென்னையில் அந்த 'வெளியே' வடக்கில் கொடுங்கையூர், தெற்கில் பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். ஏரியை மூடி வீடு கட்டினோம், அந்த வீட்டுக் குப்பையைச் சதுப்பில் கொட்டினோம். தண்ணீர் போக வழி? 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தி.நகர், மாம்பலம் தெருக்களில் முழங்கால் அளவு நின்றதே, அதுதான். வள்ளுவர் கோட்டம் அருகிலிருந்து அடையாறு வரை போகும் மாம்பலம் கால்வாயில் பிளாஸ்டிக்கும் கட்டட இடிபாடும் அடைத்துக் கிடந்தால் பழைய ஏரி பழைய இடத்துக்குத்தானே வரும்!

இதில் தெருவாசிகள் சும்மா இருந்துவிடவில்லை. 1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, ஒரு மூன்று சக்கர வண்டி, குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞருக்கு 'தெரு அழகர்' என்ற கௌரவமான பெயர், அதோடு சம்பளம். பல நகர்களுக்கு அது பரவியது. 1996-ல் அல்மித்ரா படேல் என்ற பொறியாளர் (நம்ம இனம்!) உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் விளைவாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. மட்கும் குப்பை, மட்காத குப்பை, பல்பு – பேட்டரி போன்ற அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னது 2016 விதி.

ஏன் வீட்டிலேயே? பொறியாளர் கணக்காகச் சொல்கிறேன். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். இந்த ஈரம் பட்ட பேப்பரைக் காயலான் கடைக்காரர் தொட மாட்டார். எண்ணெய்க் கவரும் பால் கவரும் கழுவிக் காயவைத்தால் விலை உண்டு, சாம்பார் பட்டால் கிடையாது. கலந்த குப்பை மேட்டில் காற்று புகாமல் மீத்தேன் உண்டாகி, கோடையில் தானே பற்றிக்கொள்ளும். பிரிப்பதற்கு வீட்டில் ஆகிற நேரம் அரை நிமிஷம். கிடங்கில் அதே வேலைக்குச் சல்லடை, இயந்திரம், கோடிக்கணக்கில் டெண்டர். பெருங்குடியில் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலை அப்படித்தான் நடந்தது.

மட்கும் குப்பைக்குப் பெரிய வித்தை வேண்டாம். அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண்தொட்டி, ஒரு கை சமையல் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு, புளித்த மோர் கொஞ்சம், வாரம் ஒருமுறை கிளறல். இரண்டு மாதத்தில் மண் வாசனையோடு எரு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம்.

திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. ஊரைச் சுற்றிப் புது நகர்கள், மனைக்கல்லுக்கு மேல் மனைக்கல். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் சேரும் பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் வேறு. இறுதியாண்டு சிவில் மாணவர்களுக்கு ஒரு புராஜெக்ட் தருகிறேன்: சமுத்திரம் ஏரிக்கு மழைநீர் வரும் வாய்க்கால்களை நடந்து போய் அளந்து, எந்த வாய்க்காலில் எந்த நகரின் குப்பை கிடக்கிறது என்று வரைபடம் போடுங்கள். டேப்பும் லெவல் கருவியும் நம் லேபிலேயே இருக்கின்றன. வைவாவுக்கு என்னைக் கூப்பிட்டால் கட்டாயம் வருவேன்.