கருவி மாற்றமும் சமூகத் தேவையும்: புகைப்பட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பழைய கமராவை விடுத்துப் புதியதொன்றை எப்பொழுது வாங்குவது என்னும் வினா, தனிமனித விருப்பையும் கைப்பொருளையும் மட்டுமே சார்ந்ததாகத் தோன்றக்கூடும். ஆயின், திருக்கோணமலையின் வடகரையில், நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே அமைந்த இறக்கக்கண்டி போன்ற கிராமத்து மக்களைப் படம்பிடித்து வாழும் சிறிய ஸ்ரூடியோக்காரரின் நிலையில் நின்று நோக்குமிடத்து, அவ்வினாவின் சமூக அடிப்படை புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். இருட்டறையையும் உடன் சுமந்தே கலைஞன் பயணஞ் செய்தான். 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே இறந்த யூலியா மார்கரெட் கமரோன் இந்நாட்டில் எடுத்த படங்களிற் சிலவே எஞ்சியுள்ளன. இரசாயனமும் தூய நீரும் எளிதிற் கிடையாமை அதற்கொரு காரணமெனக் கூறுவர்.

1871 இல் மடொக்ஸ் என்பார் உலர்தட்டு முறையை வெளியிட்டார். தட்டுகள் தொழிற்சாலையிற் செய்யப்படலாயின. கலைஞனின் சுமை குறைந்தது. அதேவேளை அவன் கைத்திறனின் ஒரு பகுதி தொழிற்சாலைக்குக் கைமாறியது. 1888 இல் கொடக் கமரா வந்தபோது, படச்சுருளைக் கழுவுவதும் நிறுவனத்தின் வேலையாயிற்று. கருவியின் ஒவ்வொரு முன்னேற்றமும் உழைப்பை எளிதாக்கிய அளவுக்கு உழைப்பாளியைச் சந்தையோடு பிணைத்தது. இம்முரண்பாடே நமது வினாவின் உட்கிடை.

எனினும் புதுக்கருவிகள் யாவும் சந்தையின் சூழ்ச்சியெனக் கொள்ளுதல் தவறாகும். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை, 1956 இல் மைக் வில்சன், ஆதர் சி. கிளார்க் ஆகியோர் சுவாமிமலைக்கு அண்மையில் கடலடியிற் கண்டனர். நீருக்குள் இயங்கும் கமரா இன்றேல் அக்காட்சி கரையிலிருந்தோரை எட்டியிராது. பழைய கருவி காணவியலாத ஒன்றைக் காணவேண்டிய தேவை எழுந்தபோது கருவி மாறியது. இது நியாயமான மாற்றம்.

ஸ்ரூடியோக்காரருக்கு வாய்ப்பது பெரும்பாலும் வேறு வகைத் தேவையாகும். 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 இல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படத் தொடங்கியது. முன்னர் படமே எடுத்திராத உழவரும் மீனவரும் கமராவின் முன் அமர நேர்ந்தது. அதே ஆண்டுகளில் இறக்குமதி, அனுமதிப்பத்திரத்துக்கும் அந்நியச் செலாவணி ஒதுக்கீட்டுக்கும் உட்பட்டிருந்தது. படத்தை வேண்டியதும் அரசே. படப்பொருளின் வரவைக் கட்டுப்படுத்தியதும் அரசே. 1977 இன் பின்னர் சந்தை திறக்கப்பட்டபோது பொருள் வந்தது. விலையை ஈடுசெய்யும் வருவாய் அதனுடன் வரவில்லை.

அண்மைக் காலத்திலும் இந்நிலை தொடர்கிறது. 2017 இல் அறிமுகமான புதிய அடையாள அட்டைக்குச் சர்வதேசத் தரத்துக்கமைந்த இலக்கமுறைப் படத்தைப் பதிவுபெற்ற ஸ்ரூடியோவிலேயே எடுத்தல் வேண்டும். கருவியை மாற்றாதவர் தொழிலையே இழப்பார். 2022 இலோ சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேற்சென்றது. மாற்றத்தின் காலத்தைத் தெரிவுசெய்யும் உரிமை இங்கு எவரிடம் இருந்தது என்பதே கேள்வி. படச்சுருளின் இலாபத்தைக் கைவிடத் தயங்கி 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடிய கொடக் நிறுவனத்துக்குத் தாமதிக்கும் வசதியேனும் இருந்தது. சிறு தொழிலாளிக்கு அதுவுமில்லை.

ஆகவே, செய்யவேண்டிய வேலைக்குப் பழைய கருவி தடையாகுமிடத்தும், புதியதன் விலையை அவ்வேலையே மீட்டுத் தருமிடத்தும் மாற்றம் தக்கது, விளம்பரம் அழைக்கும்போதன்று. தனியொருவரால் தாங்கவியலாத விலையைக் கூட்டுறவாகத் தாங்குதல் இயலும்.

இன்னுமொன்று கூறவேண்டும். 1983 இன் பின்னரான போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004 டிசெம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையிலும் இக்கரையோர மக்கள் வீட்டோடு படங்களையும் இழந்தனர். மறைந்த ஒருவரின் முகமாக அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடம் ஒன்றே எஞ்சிய குடும்பங்கள் உள. அப்படத்தின் பெறுமதியை அதை எடுத்த கமராவின் வயது குறைப்பதில்லை. புதிய கருவி ஸ்ரூடியோவுக்குள் வரும் நாளில், பழைய எதிர்ப்படச் சுருள்கள் குப்பைக்குப் போகாதிருத்தல் வேண்டும். கருவியை மாற்றலாம், அது சேர்த்துவைத்த மக்கள் வரலாற்றுக்கு மாற்றில்லை.